சோடா என்று கேட்டால் எந்தச் சோடா?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றின் முனையில் உள்ள பலசரக்குக் கடையில் சென்ற வாரம் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா, "ஒரு பைக்கற் சோடா தாங்கோ தம்பி" என்றார். கடைக்காரர் கையில் இருந்த பேனையைக் கீழே வைக்காமலே, "எந்தச் சோடா அம்மா? அப்பச்சோடாவோ, உடுப்புத் தோய்க்கிற சோடாவோ?" என்று திருப்பிக் கேட்டார். அதே நேரத்தில் பாடசாலைப் பையன் ஒருவன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, தானும் சோடா என்று சொல்லி ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு போனான். ஒரே சொல்லால் மூன்று பொருள்கள் ஒரே நிமிடத்தில் கேட்கப்பட்டன. எதிர்ப்புறம் இருந்த இரும்புக் கடையில் போய்ச் சோடா என்று கேட்டிருந்தால் நான்காவதாக ஒன்றைத் தந்திருப்பார்கள்; அது தோலை அரித்துவிடும்.

இந்த நான்கில் உடுப்புத் தோய்க்கும் சோடாவைப் பற்றியதுதான் இக்கட்டுரை. அதன் இரசாயனப் பெயர் சோடியம் காபனேற்று. தமிழ்நாட்டு நூல்களில் இதையே சோடியம் கார்பனேட் என்று எழுதுவார்கள். வீட்டில் சலவைச் சோடா, தொழிற்சாலையில் சோடாச் சாம்பல், பழைய எகிப்தில் கிடைத்த இயற்கைக் கலவையாக நேற்றன் என்று இடத்துக்கு இடம் அதற்குப் பெயர் மாறுகிறது. மற்ற மூன்றும் அதன் உறவினர்கள். அப்பச்சோடா என்பது சோடியம் இருகாபனேற்று. இரும்புக் கடையில் கிடைக்கும் கோஸ்ரிக் சோடா, அதாவது எரிசோடா, சோடியம் ஐதரொட்சைட்டு. குடிக்கும் சோடாவில் இருப்பதோ வெறும் காபனீரொட்சைட்டு வாயு கரைந்த நீர். முற்காலத்தில் அந்த வாயுவைப் பெறுவதற்குச் சோடா உப்பையும் அமிலத்தையும் சேர்த்தார்கள் என்பதால் அப்பெயர் போத்தலில் ஒட்டிக்கொண்டது. இன்று போத்தலில் அடைக்கப்படும் இனிப்புப் பானங்களில் சோடா உப்புக்கு வேலையே இல்லை. பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது.

சோடியம் காபனேற்றின் ஒரு கூறில் இரண்டு சோடியமும் ஒரு காபனும் மூன்று ஒட்சிசனும் உள்ளன. வெள்ளையான, மணமற்ற, நீரில் எளிதாகக் கரையும் உப்பு அது. உப்பு என்றாலும் கறியுப்பைப் போல நடுநிலையானது அன்று. அதன் கரைசல் தெளிவாகக் காரத்தன்மை உடையது. ஒரு கரைசல் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவில் தூய நீர் 7, அப்பச்சோடாக் கரைசல் 8 ஐச் சற்றுத் தாண்டி நிற்பது, சலவைச் சோடாக் கரைசல் 11 ஐ ஒட்டி வருவது. இந்த அளவில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், 8 க்கும் 11 க்கும் இடையிலான வேறுபாடு பார்வைக்குத் தெரிவதைவிட மிகப் பெரியது. அப்பச்சோடாவை மாவில் போடலாம், சலவைச் சோடாவை அப்படிப் போடக்கூடாது என்பதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

இதே பொருள் இரண்டு தோற்றங்களில் கிடைப்பது தொடக்கநிலையில் படிப்பவர்களைக் குழப்பும். ஒன்று நீரற்ற வெண்தூள். அதுவே சோடாச் சாம்பல். மற்றது கற்கண்டைப் போல ஒளி ஊடுருவும் பளிங்கு. இந்தப் பளிங்கில் ஒவ்வொரு சோடியம் காபனேற்றுக் கூறுடனும் பத்து நீர் மூலக்கூறுகள் பிணைந்திருக்கும். கணக்கிட்டுப் பார்த்தால் 100 கிராம் பளிங்கில் 63 கிராம் நீர், 37 கிராம் மட்டுமே சோடா. கையில் ஈரம் ஒட்டாத, கல்லைப் போன்ற ஒரு பொருளின் பெரும்பகுதி நீர் என்பதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆகவே ஒரு செய்முறையில் 100 கிராம் பளிங்குச் சோடா என்று இருந்தால், தூளில் 37 கிராம் போதும். இதைக் கவனிக்காமல் தூளையும் அதே அளவு போடுவதால்தான் பலர் கை எரிகிறது என்று முறையிடுகிறார்கள்.

சிறு வயதில் எங்கள் வீட்டில் இந்தப் பளிங்கு ஒரு தகரப் பேணியில் இருந்தது. ஒரு பங்குனி மாதத்தில் பேணியைத் திறந்தபோது பளிங்குகள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கூரை ஒழுகியதாக எண்ணி அம்மா அண்ணாந்து பார்த்தார். கூரையில் குறை எதுவும் இல்லை. பத்து நீர் கொண்ட பளிங்கு ஏறத்தாழ 32 பாகை செல்சியஸ் வரையே நிலைத்திருக்கும். அதற்கு மேல் தன் நீரையே விட்டு அதிலேயே கரையத் தொடங்கும். கொழும்பின் பங்குனி நண்பகல் வெப்பம் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்பது. தகரக் கூரைக்குக் கீழே அதைத் தாண்டியும் போகும். காற்று வறண்ட ஊர்களில் வேறொரு மாற்றம் நடக்கும். அங்கே பளிங்கு தன் நீரைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, மேலே மாப் பூத்ததுபோல வெளுத்து, இறுதியில் தூளாக உதிரும். இரண்டு மாற்றங்களிலும் சோடா கெடுவதில்லை, நீரின் அளவு மட்டுமே மாறுகிறது.

தூளையும் பளிங்கையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு குவளைத் தண்ணீரில் நீரற்ற தூளைக் கரைத்தால் குவளை இளஞ்சூடாகும். பளிங்கைக் கரைத்தால் குளிரும். ஒரே பொருள்தான் இரு வேறு விதமாக நடந்துகொள்கிறது. தூள் நீருடன் பிணையும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. பளிங்கு ஏற்கெனவே நீருடன் பிணைந்திருப்பதால் அதைக் கலைத்துக் கரைப்பதற்கு வெப்பத்தை உள்வாங்குகிறது.

இனி, சாம்பல் என்ற பெயருக்கு வருவோம். அது உவமை அன்று. கடலோரத்திலும் உவர் நிலத்திலும் வளரும் சில செடிகளை எரித்து, அவற்றின் சாம்பலை நீரில் கரைத்து வடித்து, அந்த நீரை வற்றவைத்தே பல நூற்றாண்டுகள் சோடா எடுத்தார்கள். எசுப்பானியாவின் பரில்லாச் செடிகள் இதற்குப் பேர்போனவை. ஸ்கொட்லாந்துக் கரைகளில் கடற்பாசியை எரித்தார்கள். காரத்தைக் குறிக்கும் அல்கலி என்ற உலகப் பொதுச் சொல்லும் அத்தகைய சாம்பலைக் குறித்த அரபுச் சொல்லிலிருந்து வந்ததே. எகிப்தின் வாடி நற்றுன் பள்ளத்தாக்கில் ஏரிகள் வற்றும்போது படிந்த நேற்றன் உப்பை, சோடியம் காபனேற்றும் இருகாபனேற்றும் கலந்த அந்த உப்பை, இறந்தவர் உடலை உலர்த்திப் பதப்படுத்தப் பயன்படுத்தினார்கள். சோடியத்தின் குறியீட்டில் வரும் என், ஏ என்னும் இரண்டு எழுத்துகள் அந்த நேற்றன் வழிவந்த நேற்றியம் என்ற இலத்தீன் பெயருக்கு உரியவை. சோடியம் என்ற பெயரும் சோடாவிலிருந்தே பிறந்தது: 1807 இல் ஹம்பிரி டேவி எரிசோடாவை உருக்கி மின்சாரம் செலுத்தி ஒரு புதிய உலோகத்தைப் பிரித்தபோது, சோடாவின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். மூலகத்திலிருந்து உப்புக்குப் பெயர் வருவதே வழமை என்று நினைக்கும் மாணவர்கள் இதைக் கேட்டு வியப்பதுண்டு.

நம் பக்கத்திலும் இது புதிய அறிவன்று. சங்கப் பாடல் ஒன்றில், களர் நிலத்தில் தோண்டிய கூவலின் நீரில் வெளுத்த தூய வெள்ளாடை பேசப்படுகிறது. உவர்மண்ணைக் கரைத்துத் துணி வெளுப்பதும் வெள்ளாவி வைப்பதும் சலவைத் தொழிலாளரின் பரம்பரை நுட்பமாக இருந்து வந்தன. களர் நிலத்திலும் உவர்மண்ணிலும் அவர்கள் தேடியது காரத்தையே. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நாம் நாள்தோறும் சொல்லும் சவர்க்காரம் என்ற சொல்லைச் சற்று நின்று கேட்டால், சவர், காரம் என்னும் இரண்டு சொற்களும் அதற்குள் ஒலிக்கும்.

செடிச் சாம்பல் போதாமற்போன காலம் 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் துணிக்கும் சோடா வேண்டியிருந்தது. காடும் கடற்கரையும் ஈடுகொடுக்கவில்லை. பிரெஞ்சு மருத்துவரான நிக்கொலா லெபுளாங் கறியுப்பிலிருந்தே சோடா செய்யும் வழியைக் கண்டு 1791 இல் காப்புரிமை பெற்றார். உப்பைச் சல்பூரிக் அமிலத்துடன் வினைபுரியச் செய்து, கிடைத்ததைச் சுண்ணாம்புக்கல்லுடனும் கரியுடனும் சேர்த்துச் சூடாக்குவது அம்முறை. புரட்சிக் காலத்தில் அவருடைய தொழிற்சாலை பறிமுதலாயிற்று. வாக்களிக்கப்பட்ட பரிசும் கிடைக்கவில்லை. வறுமையில் வாடி 1806 இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். முறை மட்டும் பிழைத்தது. பிழைத்து இங்கிலாந்தின் நகரங்களை நாறடித்தது. புகைபோக்கிகள் கக்கிய ஐதரசன் குளோரைட்டு வாயு சுற்றிலும் இருந்த மரங்களைப் பட்டுப்போகச் செய்ததால், அந்த வாயுவில் நூற்றுக்கு 95 பங்கைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று 1863 இல் பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

அம்முறையை வீழ்த்தியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஏர்னஸ்ட் சொல்வே, ஆண்டு 1861. உயர்தர இரசாயனவியல் படித்த எவருக்கும் சொல்வே முறையின் பாய்ச்சற்கோட்டுப் படம் கனவிலும் வந்திருக்கும். ஆயினும் அதன் உள்ளத்தை மாணவர்கள் தவறவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தேவையானவை இரண்டே: கறியுப்பும் சுண்ணாம்புக்கல்லும். கிடைப்பவையும் இரண்டே: சோடியம் காபனேற்றும் கல்சியம் குளோரைட்டும். தாளில் இது இடம் மாற்றிக்கொள்ளும் எளிய வேலை போலத் தெரிந்தாலும், உப்புக் கரைசலில் சுண்ணாம்புக்கல்லைப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. ஆகவே சொல்வே சுற்றுவழியில் போனார். உப்புக் கரைசலில் அமோனியாவைக் கரைத்து, சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுப் பெற்ற காபனீரொட்சைட்டை அதனுள் செலுத்தினால், அங்கே உண்டாகக்கூடிய உப்புகளில் மிகக் குறைவாகக் கரையும் சோடியம் இருகாபனேற்று அடியில் படிகிறது. அதை வடித்துச் சூடாக்கினால் நீரும் காபனீரொட்சைட்டும் நீங்கிச் சோடியம் காபனேற்று மிஞ்சுகிறது. அமோனியாவையோ சுட்ட சுண்ணாம்பின் உதவியால் மீட்டெடுத்து மறுபடி சுற்றில் விடலாம்.

முதலில் பிறப்பது அப்பச்சோடா, அதைச் சுட்டால் வருவது சலவைச் சோடா என்பதே இங்கே கவனிக்கத்தக்கது. சமையலறையிலும் இது நடக்கும். 100 கிராம் அப்பச்சோடாவைத் தட்டில் பரப்பி 200 பாகை வெப்பமுள்ள அடுப்புப்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தால் ஏறத்தாழ 63 கிராம் சலவைச் சோடா கிடைக்கும். அப்ப மாவில் சோடா கூடிப்போனால் அப்பம் மஞ்சளித்து, நாக்கில் சவர்க்காரச் சுவை தட்டுவதும் இதனால்தான்: புளிப்புடன் வினைபுரிந்து தீராமல் எஞ்சிய அப்பச்சோடா சூட்டில் காபனேற்றாக மாறி மாவிலேயே தங்கிவிடுகிறது.

நம் நாட்டில் உப்பளங்களும் உண்டு, சுண்ணாம்புக்கல்லும் உண்டு. போருக்கு முன் ஆனையிறவு உப்பைக்கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் சோடா செய்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மையே, ஆனால் அங்கே குளோரினுடன் செய்யப்பட்டது எரிசோடா, சலவைச் சோடா அன்று. பெயர்க் குழப்பம் வரலாற்றையும் விட்டுவைக்கவில்லை. உலகில் வேறு சில இடங்களில் இயற்கையே சோடாவைக் கொடுத்திருக்கிறது. கென்யாவின் மகாடி ஏரியிலும் அமெரிக்காவின் வயோமிங் மாநிலச் சுரங்கங்களிலும் துரோனா என்னும் கனிமமாக அது கிடைப்பதால், அங்கே வெட்டிச் சூடாக்கிச் சுத்திகரித்தால் போதும்.

சொல்வே வலிந்து நடத்திய அந்த மாற்றம் எதிர்த்திசையில் தானாகவே நடக்கும்; அதைக் காண யாழ்ப்பாணத்துக்குப் போனால் போதும். கொழும்பில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் விடுமுறைக்கு அம்மம்மா வீட்டுக்குப் போய்க் கிணற்றடியில் குளிக்கும்போது, சவர்க்காரம் நுரைக்கவில்லை என்று முறையிடுவார்கள். திரும்பி வந்து கொழும்பில் குளிக்கும் யாழ்ப்பாணத்தவரோ, எவ்வளவு தண்ணீர் வார்த்தாலும் வழுவழுப்புப் போகவில்லை என்பார்கள். இருவரும் சொல்வது சரி. கொழும்புக்கு வரும் நீர் களனி ஆற்றிலிருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வரும் மேற்பரப்பு நீர், அது மென்னீர். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கற் பாறைக்குள் தங்கி ஊறியது. கல்சியமும் மகனீசியமும் கரைந்த வன்னீர். சவர்க்காரம் அந்தக் கல்சியத்துடன் சேர்ந்து, திரைந்த பாலைப் போல வெண்கட்டிகளாகப் பிரிந்துவிடும். கல்சியம் தீரும்வரை நுரை வராது. அதற்குள் பாதிக் கட்டி கரைந்துபோகும்.

இப்போது ஒரு வாளி கிணற்று நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்துவிட்டுப் பாருங்கள். சில நொடிகளில் நீர் மங்கி, பால் சிந்தியதுபோல வெளுக்கும். நீரில் இருந்த கல்சியம், சோடாவின் காபனேற்றுடன் சேர்ந்து கல்சியம் காபனேற்றாகி, கரைய இயலாமல் வீழ்படிவாக இறங்குகிறது. அந்த வெண்மை வேறொன்றுமில்லை, சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் படியும் வெண்பொருக்கும் அதுவே. வாளி தெளிந்தபின் மேலே நிற்கும் நீரில் சவர்க்காரம் கொழும்பில் நுரைப்பதுபோலவே நுரைக்கும். சோடா அழுக்கை நீக்குவதற்கு முன்பே செய்யும் முதல் வேலை இது: சவர்க்காரத்துக்குப் பகையான கல்சியத்தைத் தான் முந்திக்கொண்டு பிடித்துவைப்பது. சலவைத்தூள் பைக்கற்றுகளில் சோடியம் காபனேற்று சேர்க்கப்படுவதற்கும் இதுவே தலையாய காரணம்.

இரண்டாவது வேலை எண்ணெயுடன் தொடர்புடையது. காரக் கரைசல் எண்ணெய்ப் பிசுக்கிலுள்ள கொழுப்பமிலங்களைச் சவர்க்காரமாக மாற்றி நீருடன் போகச் செய்கிறது. ஆகவே அடுப்புச் சுவர், புகைக்கூண்டு வலை, குசினித் துண்டு ஆகியவற்றுக்குச் சூடான சோடாத் தண்ணீர் மிகப் பொருத்தம். சாயத் தொழிலிலும் இதே காரத்தன்மைக்கு வேலை உண்டு. 1956 இல் சந்தைக்கு வந்த வினைபுரியும் சாயங்கள் பருத்தி நாரோடு இரசாயனப் பிணைப்பையே ஏற்படுத்துபவை. அந்தப் பிணைப்பு நிகழக் காரம் வேண்டும், அதற்குச் சோடாச் சாம்பலையே போடுகிறார்கள். பத்திக் துணியிலிருந்து மெழுகை நீக்கும் கொதிதொட்டியிலும் சோடா சேர்ப்பதுண்டு.

ஆனால் உலகில் உற்பத்தியாகும் சோடாச் சாம்பலில் ஏறத்தாழப் பாதி போய்ச் சேருவது கண்ணாடிச் சூளைக்கு. தூய மணல் உருக ஏறத்தாழ 1,700 பாகை வேண்டும். சோடா சேர்ந்தால் அந்த வெப்பம் வெகுவாக இறங்கும். சோடாவும் மணலும் மட்டும் சேர்ந்த கண்ணாடி நீரில் கரைந்துவிடும் என்பதால், மூன்றாவதாகச் சுண்ணாம்புக்கல்லும் சேர்க்கிறார்கள். நாத்தாண்டியா, மாரவில பக்கத்து வெண்மணல் நம் நாட்டுக் கண்ணாடிக்கு மூலப்பொருள். யன்னற் கண்ணாடியும் ஊறுகாய்ப் போத்தலும் இந்த மூவர் கூட்டில் பிறந்தவையே.

உணவிலும் சலவைச் சோடாவின் இனம் உண்டு என்றால் சிலர் முகஞ்சுளிக்கிறார்கள். உடனடி நூடில்ஸ் பைக்கற்றின் பின்புறத்தில் 500 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். உணவுச் சேர்க்கைப் பட்டியலில் சோடியம் காபனேற்றுகளுக்குரிய எண் அது. அடைப்புக்குறிக்குள் ஒன்று என இருந்தால் காபனேற்று, இரண்டு என இருந்தால் அப்பச்சோடா. நூடில்ஸின் மஞ்சள் சாயலும் இழுபடும் தன்மையும் அந்தக் காரத்தின் கொடை. அப்பளத்துக்குப் போடும் காரத்திலும் இவ்வினத்து உப்புகளே உள்ளன. எனினும் உணவுக்கென்று சுத்திகரிக்கப்பட்டது வேறு, புறக்கோட்டையில் மூட்டையில் நிறுத்துத் தரப்படும் சலவைச் சோடா வேறு. பின்னையதைச் சட்டிக்குள் விடவே கூடாது.

பெயர்ச்சீட்டு இல்லாத வெண்தூள் வீட்டில் அகப்பட்டால் என்ன செய்வது? எலுமிச்சம் புளி விட்டுப் பார்ப்பதில் பயனில்லை. அப்பச்சோடாவும் பொங்கும், சலவைச் சோடாவும் பொங்கும். நாக்கில் வைத்துப் பார்ப்பது அதைவிட மோசம். அது எரிசோடாவாக இருந்துவிடலாம். மஞ்சளைக் கேளுங்கள். ஆலாத்தித் தட்டில் மஞ்சள் நீருடன் சுண்ணாம்பு சேர்ந்ததும் நீர் குங்குமச் சிவப்பாவதைக் கண்டிருப்பீர்கள். மஞ்சள் காரத்தைக் கண்டால் சிவக்கும். இரண்டு கிண்ணங்களில் மஞ்சள் நீரை எடுத்து, ஒன்றில் கடையில் வாங்கிய அப்பச்சோடாவையும் மற்றதில் ஐயத்துக்குரிய தூளையும் கரையுங்கள். அப்பச்சோடா மஞ்சளைச் சற்றே செம்மஞ்சளாக்கிவிட்டு நின்றுவிடும். சலவைச் சோடா என்றால் ஆலாத்தி நீரைப்போலக் கருஞ்சிவப்பாகும். எரிசோடாவும் அப்படியே சிவப்பாக்கும் என்பதால், தூளை வெறுங்கையால் தொடாமல் மரக்கரண்டியால் எடுப்பதே முறை.

கையிலிருப்பது சலவைச் சோடாதான் என்றாலும் சில பொருள்களை அதனிடமிருந்து காக்க வேண்டும். பட்டும் கம்பளியும் புரத நார்கள். காரம் அவற்றைத் தின்னும். ஆகவே கூறைச் சேலையில் எண்ணெய் பட்டுவிட்டது என்று சோடாத் தண்ணீரில் ஊறவைத்தால் எண்ணெயோடு சேலையும் போய்விடும். அலுமினியப் பாத்திரத்தை அது அரித்துக் கருக்கச் செய்யும். அந்த அரிப்பையே நமக்கு உதவியாகவும் திருப்பலாம். கறுத்துப்போன வெள்ளிக் கொலுசை அலுமினியத் தாள் விரித்த கண்ணாடிக் கிண்ணத்தில், தாளைத் தொடும்படி வைத்து, கொதிநீரும் ஒரு கரண்டி சோடாவும் விட்டால், வெள்ளியின் மேல் கருமையாகப் படிந்திருந்த கந்தகம் அலுமினியத்துக்கு மாறுகிறது. முட்டை கெட்டதுபோன்ற மெல்லிய நாற்றம் எழும். ஐந்து நிமிடத்தில் கொலுசு வெளுக்கும். கல் பதித்த நகைகளை இப்படிச் செய்ய வேண்டாம். கற்களை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும்.

அன்று கடையில் நின்ற அந்த அம்மா அப்பச்சோடாவைத்தான் வாங்கினார். மறுநாள் வெள்ளிக்கிழமை, அப்பம் சுடப்போவதாகச் சொன்னார். கடைக்காரர் பைக்கற்றைச் சுற்றிக் கொடுக்கும்போது அதன் மேல் பேனையால் 'அப்பம்' என்று எழுதிக் கொடுத்தார்.